ஒற்றை இருக்கை வண்டி

என் மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளில் பின் இருக்கையைச் சுற்றி வளைந்து போகும் ஓர் இரும்புக் கைப்பிடி உண்டு. மற்ற இடங்களில் முகம் பார்க்கலாம். இடது பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் குரோமியப் பூச்சு தேய்ந்து, அடியிலிருக்கும் நிக்கலின் மஞ்சள் தெரிகிறது. மாப்பிள்ளை என்று நான் சொல்வது தங்கையின் கணவரை. நான் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்ந்து அங்கேயே நரைத்து ஓய்வு பெற்றவன். ஒரு வண்டியில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது, அதற்கு எந்தப் படிவம், எந்த மேசை, அந்த மேசைக்காரர் எப்போது காபிக்கு எழுந்து போவார் என்பது வரை மனப்பாடம். ஆனால் அந்தக் கைப்பிடி அந்த ஓரிடத்தில் மட்டும் தேய்ந்ததற்கு எந்த விதியிலும் இடமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மாப்பிள்ளை பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். குடியிருப்பு ஸ்ரீராம்புரத்தில், இரண்டு அறை வீடு. ராணுவம் கழித்துக்கட்டிய ஒரு பழைய புல்லட்டை ஏலத்தில் எடுத்து வந்து முன்னறையில் நிறுத்தினார். பீரோக் கதவில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த படம் ஒன்று ஒட்டியிருந்தது. நீண்டு தாழ்ந்து, சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் வைத்தது போன்ற வண்டி. புல்லட்டை அப்படி ஆக்குவது என்று முடிவு. சிவாஜிநகர் குஜிரியில் பழைய இரும்புக் குவியல்களைக் கிளறி டேங்க் ஒன்று கொண்டுவந்தார். இன்ஜினைப் பிரித்து பிஸ்டன் ஓடும் துளையைப் பெரிதாக்கினார், பெரிய கார்புரேட்டர் வைத்தார். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களை நீட்டிக் கடைந்தார். என் தங்கை அந்த முன்னறையில் வந்தவர்களை உட்காரவைக்க முடியாமல், மண்ணெண்ணெயில் பல்சக்கரங்களைக் கழுவிக் கொடுத்து, இட்லித் தட்டின் குழிகளில் நட்டு போல்ட்டுகளை வகை பிரித்து வைத்து இரண்டு வருடம் ஓட்டினாள். டேங்குக்கு அடர்ந்த கத்தரிப்பூ நிறம் அவள் தேர்வு. வண்டி முடிந்ததும் முதலில் நந்தி மலை என்பது இருவருக்கும் நடந்த ஒப்பந்தம். எழுத்தில் இல்லை. எழுத்தில் இல்லாத ஒப்பந்தங்களைப் பற்றி எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை.

ஆயுத பூஜையன்று போர்வையை எடுத்தார். நானும் போயிருந்தேன். சாமந்தி மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், சந்து முழுக்கக் கூட்டம். வண்டி அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. டேங்கிலிருந்து வழிந்து இறங்கும் கோடு ஒரே ஓட்டமாகப் பின் சக்கரத்தில் போய் முடிந்தது. நடுவில் ஒரே ஒரு இருக்கை.

எதிர்வீட்டு அம்மாதான் கேட்டார்: “ஏங்க்கா, நீ எங்க குந்துவ?”

தங்கை கணவரைப் பார்த்தாள். மாப்பிள்ளை துணியால் டேங்கைத் துடைத்தபடி, “பின்னால சீட்டு வெச்சா லைனே பூடும்” என்றார்.

ஒன்றும் நடக்காதது போல அவள் எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தாள். வந்தவர்கள் கலைந்ததும் ஒரு பையில் நாலு புடவை எடுத்துக்கொண்டு என்னோடு தொம்மலூரில் இருக்கும் என் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மாப்பிள்ளையின் இரண்டாவது பிரச்சினை அதற்குள் தொடங்கியிருந்தது. அவர்கள் வீட்டிலிருந்து பெரிய தெருவுக்கு ஒரே வழி. நடுவில் குழாயடி அருகே முழங்கையை மடக்கியது போல ஒரு திருப்பம். தலைமுடிக் கனத்துக்குக் கடைசல் பிடிக்கத் தெரிந்தவர் சந்தின் அகலத்தை அளக்கவில்லை. நீட்டிய ஃபோர்க்கோடு வண்டி அந்தத் திருப்பத்தில் திரும்பாது. ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைக்க வேண்டும். பூஜையன்று ஊரே கூடித் தூக்கியது. ஒரு வாரத்தில் ஊருக்கு அலுத்துவிட்டது. “இன்னாண்ணா, காலங்காத்தால பல்லக்கு தூக்கச் சொல்றே?” என்று பையன்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஓர் ஆளுக்காகச் செய்த வண்டியை ஓர் ஆளால் வெளியே கொண்டுவர முடியவில்லை.

ஒரு ஞாயிறு அவர் பஸ்ஸில் என் வீட்டுக்கு வந்தார். டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் கேள்வி கேட்டாராம். பதிவுச் சான்றில் இருக்கையை ஒன்றாக மாற்ற என்ன செய்ய வேண்டும் என்றார். சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டார். நான் என் கடமையைச் செய்தேன். மாற்றுவதற்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், விண்ணப்பம், ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்துதல், அவர் குறிப்பு, அதன்பின் சான்றில் திருத்தம் என்று வரிசையாகச் சொல்லி வந்தேன். அவர் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரிந்தது. ஆனாலும் பாதியில் நிறுத்துகிற பழக்கம் எனக்கில்லை.

உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது. “ஒண்ணுன்னே எழுதிக் குடுண்ணா. அதானே உண்மை.”

“அது இல்ல மச்சான்,” என்று அவர் என்னிடம் சொன்னார். “சந்துல திருப்ப முடியல. பின்னால தூக்க ஒரு ஆளு வேணும்.”

“அப்ப தூக்கறதுக்கு மட்டும் ஆளு வேணும். குந்தறதுக்கு வேணாம்.”

காபி ஆறிப்போயிருந்தது. அவர் அதைக் குடித்துவிட்டுப் போனார். என் முப்பது வருடச் சேவையில் அவ்வளவு சுருக்கமான நிராகரிப்பு ஆணையை நான் கண்டதில்லை.

கார்த்திகை பிறந்திருந்தபோது ஒரு காலை எங்கள் தெருமுனையில் அந்த இன்ஜினின் சத்தம் கேட்டது. குழாயடித் திருப்பத்தில் தூக்க யாரைக் கெஞ்சினாரோ தெரியாது. தங்கை கையில் மாவோடு வாசலுக்குப் போனாள். வண்டிக்குப் பின் இருக்கை வந்திருந்தது, அதைச் சுற்றி ஒரு கைப்பிடியும். டேங்கிலிருந்து வழிந்த அந்தக் கோடு இப்போது இருக்கையில் முட்டி நின்றுவிட்டது; கையெழுத்துப் போட்ட பிறகு சேர்த்த பின்குறிப்பு மாதிரி இருந்தது. அதைக் கெடுக்க அவருக்கு என்ன செலவாகியிருக்கும் என்பது இட்லித் தட்டில் நட்டு அடுக்கியவளுக்குத் தெரியாதா? அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“இந்தக் கம்பி எதுக்கு?”

“நீ புடிச்சிக்க.” கொஞ்சம் யோசித்து, பொய் சொல்ல வராத மனிதர், “தூக்கறதுக்கும் ஆவும்” என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். மாவுக் கையைக் கழுவாமலேயே அந்தக் கைப்பிடியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். பையை மறுவாரம் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதன்பின் தினமும் காலையில் குழாயடித் திருப்பத்தில் அவள் இறங்குவாள். இடது கையால் கைப்பிடியைப் பற்றி, “ம்” என்று தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வாள். பஸ் ஸ்டாப்பில் அவளை இறக்கிவிட்டு அவர் பீன்யாவுக்குப் போவார். சில வருடம் கழித்து ஃபோர்க்கில் எண்ணெய் ஒழுகி, கழற்றிச் செய்ய வேண்டி வந்தது. இதுதான் சமயம், நீளத்தைக் குறைத்துவிடுங்கள், தனியாகவே திருப்பலாம் என்றேன். மாப்பிள்ளை தங்கையைப் பார்த்தார். “அது பாட்டுக்கு இருக்கட்டும்ண்ணா” என்றாள் அவள்.

இப்போது அவர்கள் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். வண்டி நிறுத்தும் கீழ்த்தளம் லாரி திரும்புமளவு அகலம். போன வாரம் நான் அங்கே நின்று பார்த்தேன். வாசலுக்கு முந்தைய வளைவில் மாப்பிள்ளை காலை ஊன்றி நிறுத்தினார். முழங்கால் வலியோடு தங்கை இறங்கினாள். “ஏனாய்த்தம்மா, காடி கெட்டோய்த்தா?” என்று கன்னடத்தில் கேட்டபடி காவலாளி ஓடிவந்தார். வண்டிக்கு ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டு, அந்த மஞ்சள் தெரியும் இடத்தில் நாலு விரலை வைத்தாள். அவளால் இப்போது தூக்க முடியாது, தூக்கவும் இல்லை. கை வைத்தபடியே அவள் நடக்க, இன்ஜினை அணைத்துவிட்டு அவர் காலால் உந்தி உந்தி வளைவைக் கடந்தார்.