ஆடி வெள்ளியில் வெடித்த கறுப்புப் பியர்

குளிர்காலத்துக்கான பியரைக் கோடை முடியுமுன்பே திட்டமிட வேண்டும். நியூசிலாந்தின் ஒக்லாந்தில் வெயில் முதுகைச் சுடும்போதே, ஆடி மாதத்து ஈரக் குளிருக்கு எது பொருந்தும் என்று யோசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வேலிகளுக்கு மேலால் பீஜோவாப் பழங்கள் கொட்டும் நாட்களுக்கு அந்தப் பழம் சேர்த்த இளம்பொன் நிறப் பியர். மழை பிடித்ததும் கறுவாப்பட்டையும் தோடம்பழத் தோலும் இட்ட செம்பழுப்பு. நடுக்குளிருக்கு, கருக வறுத்த பார்லியில் காய்ச்சிய கறுப்பு. இந்த ஒழுங்கை ஆண்டுதோறும் மனத்துக்குள்ளேயே வகுத்துவந்தேன். வெளியில் சொல்லக்கூடிய நிலையில் நான் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் இரசாயனவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். இங்கே தமிழ்ப் பள்ளியொன்றின் தலைவன்; பழைய வாத்தியார் என்பதால் எல்லோருக்கும் 'சேர்'. மதுவின் கேடுபற்றிப் பேச அழைத்தால் மறுக்காதவன். மவுண்ட் ரோஸ்கில்லில் மகள் வீட்டு கராஜில் நான் செய்வது என்னவென்று மகளுக்கும் மருமகனுக்கும் மட்டுமே தெரியும். மருமகன் குடிப்பதில்லை. அவருடைய தந்தை குடித்தே இறந்தவர். குடியை ஒருபோதும் தொடமாட்டேன் என்று மருமகன் தன் தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

சென்ற ஆண்டு அந்தத் தாய், என் சம்பந்தியம்மா, ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் எங்களோடு தங்கினார். தேநீரோடு கடித்துக்கொள்ள ஓலைக் குட்டான்களில் பனங்கட்டி கொண்டுவந்திருந்தார். அந்தக் கரிய இனிப்பு என் கறுப்புப் பியருக்கென்றே கடல்கடந்து வந்ததாக எனக்குத் தோன்றியது. குசினியிலிருந்து ஒவ்வொரு குட்டானாக எடுத்தேன். அவர் தேடியபோது, "எறும்பு பிடிச்சிட்டுது, எறிஞ்சுபோட்டன்" என்றேன்.

கராஜின் குளிரில் நுரை அடங்கியது. அடர்த்தி பார்க்கும் மானியும் அசையாமல் நின்றது. நொதிப்பு முடிந்தது என்று தீர்மானித்துப் போத்தல்களில் அடைத்தேன். குளிரில் ஈஸ்ட் உறங்கும், இறக்காது, சூடு பட்டால் விழித்து மறுபடி வாயுவை விடும் என்று எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அன்று அதை மறந்தேன். சம்பந்தியம்மா துணி காயப்போட கராஜுக்கு வருவார் என்று அஞ்சி, போத்தல்களைச் சுடுநீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள், பழைய கம்பளிகளுக்குப் பின்னால் ஒளித்தேன். வீட்டில் எந்நேரமும் இளஞ்சூடு நிற்கும் இடம் அது ஒன்றுதான். அதற்கு அடுத்த அலுமாரியில்தான் எங்கள் சுவாமிப் படங்கள்.

ஆடி வெள்ளி மாலைக் கூட்டுப் பிரார்த்தனை எங்கள் வீட்டில் நடந்தது. நான் முன்னால் அமர்ந்து பதிகம் பாடிக்கொண்டிருந்தேன். அலுமாரிக்குள் ஒரு போத்தல் வெடித்தது. பாட்டு நின்றது. மறுபடியும் வெடித்தது. கதவின் கீழால் கறுப்பாக நுரைத்து வழிந்து, முன்வரிசையில் இருந்தவர்களின் வேட்டிகளை நனைத்தது.

"உது என்ன, சாராயமோ?" என்றார் பள்ளிப் பொருளாளர்.

"பியர்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மணத்தைப் பாத்தா நல்ல பதம்போல."

சிலர் சிரிப்பை அடக்கினார்கள். சம்பந்தியம்மா மகனையே பார்த்தார்.

"தம்பி, உன்ரயோ?"

மருமகன் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, "ஓம் அம்மா, என்ரதான்" என்றார்.

அந்தத் தாயின் முகம் இருண்டதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் பின்னரே எழுந்து, "அவரில்லை. நான்தான் காய்ச்சினனான்" என்றேன்.

ஒருவரும் நம்பவில்லை.

"சேர் எண்டாச் சேர்தான்! மருமோன்ர பழியைத் தன்ர தலையில போடுறார், பாருங்கோ" என்றார் ஒருவர்.

"விடுங்கோ சேர், இந்தக் காலத்துப் பெடியளுக்கு எவ்வளவெண்டு சொல்லுறது?" என்று பொருளாளர் என் தோளைத் தட்டினார்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை எழுதும்போதும் உடல் கூசுகிறது. உண்மையைச் சொல்லியாயிற்று, பெயரும் கெடவில்லை, இனி அமர்ந்து பாட்டைத் தொடரலாம் என்று எண்ணினேன். கை புத்தகத்தைக்கூட விரித்துவிட்டது.

"சத்தியம் செய்து தந்தனியேடா" என்றார் சம்பந்தியம்மா. சத்தம் போடவில்லை. "உன்ர கொப்பர் குடிச்சு அழிஞ்சதைப் பாத்து வளந்த பிள்ளை நீ."

மருமகன் அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சம்பந்தியம்மாவிடம் திரும்பினேன்.

"தங்கச்சி, அதுக்குள்ள என்ன கிடக்கெண்டே அவருக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கோ."

"என்னடா போட்டனீ?"

"பார்லி..." மருமகன் திணறினார். "பிறகு சீனி..."

"சீனி இல்லை" என்றேன். "பனங்கட்டி. நீங்கள் கொண்டந்தது. எறும்பு ஒண்டும் வரேல்லை."

அவர் குனிந்து, தரையில் வழிந்து கிடந்ததை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"என்ர பிள்ளைக்கெண்டு காவிக்கொண்டு வந்தனான், அண்ணை" என்றார்.

பிறகு மகனின் தலையைத் தன் தோளோடு இழுத்துக்கொண்டார். என் தோளில் கிடந்த பொருளாளரின் கை மெல்ல விலகியது. ஈரத்தைத் துடைக்கத் துவாய் தேடி மகள் அலுமாரியைத் திறந்தாள். எல்லாத் துவாய்களும் நனைந்திருந்தன. என் சால்வையைக் கழற்றி நானே தரையைத் துடைத்தேன். எவரும் தடுக்கவில்லை.

தலைமைப் பதவியை விடும்படி இதுவரை யாரும் கேட்கவில்லை. மதுவின் கேடுபற்றிப் பேச அழைப்பதும் இல்லை. இந்தக் குளிருக்குப் பீஜோவாப் பியரும் செம்பழுப்பும் மட்டும் காய்ச்சியிருக்கிறேன். போத்தல்கள் கராஜில், கதவு திறந்தால் கண்ணில் படும் இடத்தில் நிற்கின்றன. கறுப்பைக் காய்ச்ச மனம் வரவில்லை.

அண்மையில், ஊர் திரும்பிவிட்ட சம்பந்தியம்மாவிடமிருந்து ஒரு பொதி மருமகனின் பெயருக்கு வந்தது. உள்ளே பனங்கட்டிக் குட்டான்கள். அவர் ஒன்றைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"தேத்தண்ணிக்கு, மாமா" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "அம்மா கேட்டவ, இந்தமுறை அங்க எறும்பு எப்பிடியெண்டு."

ஒரு துண்டை உடைத்து எடுத்துக்கொண்டு, குட்டானை அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன்.