விழுந்தால் எழுந்திருக்கும் வகுப்பு

அந்தக் கட்டடத்தில் அவரை எல்லோரும் பல்லு சார் என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு சின்னக் கடையில் பல் செட் கட்டுவது அவர் தொழில். மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி எடுப்பார், மெழுகில் ஈறு வைத்துப் பல் பதிப்பார், தேய்த்து மெருகேற்றிப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார். காலை முதல் மாலை வரை அவர் எதிரில் இருப்பவை வாய்கள்தான். அத்தனையும் நன்றாகத் திறந்த வாய்கள். ஒன்றாவது அவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டுமே!

வீட்டுக்குப் போனால் அங்கும் இதே கதை. மகளின் பிரசவத்துக்கென்று வெளிநாட்டுக்கு விமானம் ஏறிய மனைவி, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் போனாள். பேத்தி பிறந்தாள், கவிழ்ந்தாள், தவழ்ந்தாள். பாட்டி மட்டும் திரும்பி வருகிற வழியைக் காணோம். அவருக்கு அவள்மேல் கோபம் என்று சொல்ல முடியாது. கோபப்படுவதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

இந்த லட்சணத்தில்தான் ஒருநாள் காலை குளியலறையில் சோப்புத் தண்ணீரில் கால் வைத்து மல்லாந்து விழுந்தார். எலும்பு தப்பித்தது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார், கையை ஊன்றினால் கை வழுக்கியது. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடுவது துல்லியமாகக் கேட்டது. ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். துண்டுகூட இல்லாமல் கிடப்பவர் எப்படிச் சத்தம் போடுவார்? வாளியின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி வெகுநேரம் கிடந்தார். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு தவழ்ந்து, கதவு நிலையைப் பிடித்து எழுந்தார்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் மகள் கடையைப் பூட்டிவிட்டு வரச் சொல்வாள். மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். மனைவி வரவேண்டும் என்றுதான் மனசு கிடந்து தவித்தது. ஆனால் விழுந்து கிடப்பவனைத் தூக்கிவிட அவள் வரக்கூடாது. அந்த வீராப்பில் ஒரு முடிவுக்கு வந்தார்: இன்னொரு தரம் விழுந்தால் தானாக எழுந்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்கு எதிரில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்த முகமாகக் கேட்டாள்.

"சொல்லுங்க சார், உங்க கோல் என்ன? அதுக்குத் தகுந்த மாதிரி கிளாஸ் சொல்றேன்."

விழுந்தால் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். அவருக்குப் பின்னால் இரண்டு இளவட்டங்கள் நின்றிருந்தன. வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு, "தொப்பை" என்றார்.

தொப்பை என்றால் சைக்கிள் வகுப்பாம். இருட்டறை, காதைப் பிளக்கும் பாட்டு, சிவப்பும் நீலமுமாய் விளக்குகள். மலை ஏறுங்கள், மலை ஏறுங்கள் என்று பயிற்சியாளர் கத்தினார். பல்லு சார் வியர்க்க விறுவிறுக்க மலை ஏறினார். இறங்கிப் பார்த்தால் சைக்கிள் போட்ட இடத்திலேயே நின்றது. பக்கத்து சைக்கிள்காரர் முகம்கூட இருட்டில் தெரியவில்லை. அது ஒத்துவரவில்லை என்று நடன வகுப்புக்கு மாற்றிக்கொண்டார். அங்கே ஊரே வலப்பக்கம் போனால் இவர் இடப்பக்கம் போவார். எல்லோரும் கண்ணாடியில் தங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் இவர் மானம் ஓரளவு தப்பியது. தொப்பை என்னவோ நிஜமாகவே கொஞ்சம் இறங்கியது, பொய் சொல்லக்கூடாது. அவருக்கும் தான் தேறிவிட்டதாக ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு ஒரு பல்லால் போயிற்று. கடையில் ஒரு முன்பல் கை நழுவி மேசைக்கடியில் உருண்டது. தரையில் உட்கார்ந்து துழாவி எடுத்துவிட்டார். எழுந்திருக்கப் பார்த்தால் முழங்கால் பல்லிளித்துவிட்டது. பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, மேசையிலிருந்த வாய்களை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. பார்க்க ஆளில்லை என்பதால் கொஞ்சம் அழவும் செய்தார். அப்புறம் முக்காலியை இழுத்து, அதைப் பிடித்து எழுந்து, நேரே எதிர்க்கட்டடத்துக்குப் போனார்.

"போன தடவை பொய் சொல்லிட்டேம்மா. குளிக்கிற இடத்துல விழுந்துட்டேன். எழுந்திருக்க முடியல. வீட்ல யாரும் கிடையாது. அதுக்கு ஏதாவது கிளாஸ் இருக்கா?"

அவள் சிரிக்கவில்லை. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். மாடியில கடைசி ரூம். ஷூ வேண்டாம், சும்மா வாங்க."

கடைசி அறையில் நாலைந்து பேர்தான். மூட்டு மாற்றிக்கொண்ட ஓர் அம்மாள், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், இப்படி. சொல்லிக் கொடுக்கிற டீச்சர் நல்ல கனமான பெண்மணி. முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்.

"இங்க யாரும் யாருக்கும் கை குடுக்கக் கூடாது. பாவம்னு தோணும், தோணட்டும். எழுந்தவங்க 'எழுந்தாச்சு'ன்னு சத்தமா சொல்லணும். மத்தவங்க 'பாத்தாச்சு'ன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

படுத்தபடி ஒருக்களித்துத் திரும்ப வேண்டும். பிறகு கைகளும் முழங்கால்களும் ஊன்றி, குழந்தை தவழ்கிற நிலை. ஒரு பாதத்தை முன்னால் வைத்து, தொடையில் கைகொடுத்து மேலே வரவேண்டும். கேட்க இவ்வளவுதான். பல்லு சாருக்கு அந்த முன்பாதத்தில்தான் தகராறு. பாதத்தைக் கொண்டுவந்தால் உடம்பு சாயும், உடம்பை நிறுத்தினால் பாதம் வராது. டிரைவர் எழுந்தார், பாத்தாச்சு என்றார்கள். மூட்டு மாற்றிய அம்மாள் நாற்காலியைத் தொட்டு எழுந்தார், பாத்தாச்சு என்றார்கள். இவர் மட்டும் வாரக்கணக்கில் தரையிலிருந்தபடியே எல்லோருக்கும் பாத்தாச்சு சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள், தானும் எதிர்பார்க்காத நேரத்தில், பாதம் வந்து நின்றது. தொடையில் கையை அழுத்தினார். அறை கீழே போவதுபோல இருந்தது. நின்றுவிட்டார்.

"எழுந்தாச்சு" என்றார்.

"பாத்தாச்சு!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். டிரைவர் விசில்கூட அடித்தார்.

தன்னை ஒருவர் பார்த்ததாகச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கால் தரையில் பாவாமல் வீட்டுக்குப் போனார். போனதும் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். திரும்பினார், ஊன்றினார், எழுந்தார்.

"எழுந்தாச்சு."

குளிர்சாதனப் பெட்டி உறுமிவிட்டு நின்றது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி வீடியோவில் வந்தாள். வந்ததும் வராததுமாகத் திரையைக் குழந்தை பக்கம் திருப்பினாள்.

"என்னங்க, உங்க பேத்தி சோபாவைப் பிடிக்காம எழுந்து நிக்கிறா! பாருங்க, பாருங்க!"

குழந்தை கையூன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, தள்ளாடி நின்றது. மகளும் மருமகனும் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா?"

"பாத்தாச்சு" என்றார்.

இத்தோடு விட்டிருந்தால் அது வழக்கமான ஞாயிற்றுக்கிழமையாகப் போயிருக்கும். அந்தக் கைதட்டல்தான் அவரைக் கெடுத்தது. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் தப்பில்லை.

"இரு, நான் ஒண்ணு காட்டறேன்" என்று போனைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். நாலடி தள்ளிப் போய், தரையில் மல்லாந்து படுத்தார்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க? எதுக்கு இப்படிக் கீழ படுக்கறீங்க?"

அவர் ஒருக்களித்துத் திரும்பினார். கையும் முழங்காலும் ஊன்றினார். பாதத்தை முன்னால் வைத்தார், தொடையை அழுத்தினார், மேலே வந்தார். மூச்சு வாங்க, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, திரையைப் பார்த்து நேராக நின்றார்.

"எழுந்தாச்சு."

அங்கே கைதட்டல் எழவில்லை. மகள் முகத்தில் சிரிப்பா குழப்பமா என்று தெரியவில்லை. மனைவி போனைத் தன் பக்கம் திருப்பினாள். அவள் முகம் மட்டும் திரை முழுக்க வந்தது. முப்பது வருடக் குடித்தனம், அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"எப்ப விழுந்தீங்க?" என்று கேட்டாள்.