தவக்காலத்தில் ஊசியை விட்டவர்

கோபமே வராத மனிதர் ஒருவர் சாந்தோமில் இருந்தார் என்றால் யாரும் நம்ப மாட்டீர்கள். அதிலும் அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? தொலைபேசி அலுவலகத்தில் புகார் வாங்கும் வேலை. மழை பெய்தால் மாம்பலம் முதல் மந்தைவெளி வரை வீட்டு போன்கள் ஊமையாகிவிடும் காலம் அது. காலையிலிருந்து மாலைவரை பாதி ஊர் பவுல்சாமியின் காதுக்குள் கத்தும். அவரும் சளைக்காமல், எழுதிக்கொண்டேன் சார், ஆள் அனுப்பச் சொல்கிறேன் சார் என்று எல்லாருக்கும் பதில் சொல்வார். போனை வைத்த பிறகாவது நாலு வார்த்தை திட்டுவாரா என்றால், அதுவும் கிடையாது.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி வெரோனிகா பள்ளிக்கூட டீச்சர், வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு சண்டைக்குக்கூட இந்த மனுஷன் ஒத்துழைத்ததில்லை என்று கோயிலில் எல்லாரிடமும் குறைப்பட்டுக்கொள்வாள்.

தொண்ணூற்றேழில் அவருக்குச் சோர்வு வந்தது. ரத்தத்தைச் சோதித்ததில் ஹெபடைடிஸ் சி என்று தெரிந்தது. என்றோ ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோது ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம் என்றார் அடையாறு டாக்டர் வெங்கடரமணன். சும்மா விட்டால் கல்லீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். இன்டர்ஃபெரான் என்று ஓர் ஊசி இருக்கிறது, திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று, ஒரு வருஷம் போட வேண்டும், எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது என்றார். பக்கத்து வீட்டு ஹமீதுன்னிசா பாவம், பாசத்தில் கீழாநெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கலந்து கொண்டுவந்தாள். எந்த இலையானாலும் மாத்திரையானாலும் கல்லீரல் வழியாகத்தான் போகணும், என்னைக் கேட்காமல் எதுவும் வாயில் போடாதீர்கள் என்று டாக்டர் அதையும் நிறுத்திவிட்டார்.

நவம்பரில் ஊசி ஆரம்பித்தது. பிரிட்ஜிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து, பிளாஸ்கில் ஐஸோடு வைத்து, ஆபீஸ் முடிந்து மந்தைவெளி நர்ஸ் ஷகீலாவிடம் போட்டுக்கொண்டு வருவார். அன்றிரவு குளிர், காய்ச்சல், மேலெல்லாம் அடித்துப் போட்ட வலி. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். அடுத்து வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கோபம் வந்தது!

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ், பதினாலு நாளாக என் போன் செத்துக் கிடக்கிறது என்று அதட்டினார். செத்ததை எழுப்ப நான் என்ன இயேசுவா என்று கேட்டுவிட்டு பவுல்சாமி போனை டொக்கென்று வைத்தார். ஆபீஸே எழுந்து நின்று பார்த்தது. வீட்டுக்கு வந்தால், வெரோனிகாவின் சுறாப்புட்டில் கல்யாணமான நாளிலிருந்தே உப்பு பத்தவில்லை என்றார். அவள் கரண்டியும் கையுமாக நின்றாள். இருபத்து மூன்று வருஷமாக இதை எங்கே ஒளித்து வைத்திருந்தார் இந்த மனுஷன் என்று அவளுக்கு ஆத்திரம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

பவுல்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்தார். அங்கே இருந்தவர் ஃபாதர் டெரன்ஸ், குருப்பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளை. கோபப்பட்டேன் ஃபாதர் என்பார் இவர். பத்து முறை அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள் என்று அபராதம் கொடுப்பார் அவர். அடுத்த வாரம் அதே பாவம், அதே அபராதம். ஜெபம் ஏறியதே தவிரக் கோபம் இறங்கவில்லை.

பிப்ரவரியில் மகள் லிண்டாவின் பிறந்தநாள் வந்தது. கேக் வெட்ட ஐந்து நிமிஷம் தாமதமானதற்கு அவர் போட்ட சத்தத்தில் பிள்ளை, சிநேகிதிகள் முன்னால் அழுதுவிட்டாள். அன்றைக்குப் பவுல்சாமி நொறுங்கிப்போனார். உயிரோடு இருப்பதற்காக இப்படி ஒரு மனுஷனாக இருக்க வேண்டுமா என்று நினைத்தார். அந்த வாரமே சாம்பல் புதன் வந்தது, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியது. தவக்காலத்தில் ஒருவர் கறியை விடுவார், ஒருவர் சிகரெட்டை விடுவார். பவுல்சாமி யாருக்கும் சொல்லாமல் ஊசியை விட்டார்.

ஊசி நாட்களில் வழக்கம்போல பிளாஸ்கோடு கிளம்புவார். குப்பியை ஆபீஸ் கேன்டீன் பிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் வைப்பார். மாலையில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் அரைமணி உட்கார்ந்துவிட்டு, போட்டாச்சு என்று வீட்டுக்கு வருவார். இரண்டு வாரத்தில் காய்ச்சல் போனது, வலி போனது, கோபமும் போனது. ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று பூரித்துப்போய்ச் சனிக்கிழமை கோயிலுக்கு ஓடினார். கோபமே வரவில்லை ஃபாதர் என்றார், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி. எப்படி என்று கேட்டார் ஃபாதர். இவர் சொன்னார்.

ஃபாதர் டெரன்ஸ் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, உங்களுக்கு எந்தெந்த நாள்ல கோபம் வரும்?"

பவுல்சாமி யோசித்தார். செவ்வாய், வியாழன், சனி. சொல்லி முடிக்கும்போதே, எல்லாம் ஊசிக்கு மறுநாள் என்று அவருக்கே உறைத்தது.

"பாவத்துக்கு ஏதுண்ணே கிழமை? அது மருந்து பண்ற வேலை. அதை மன்னிக்க எனக்கு அதிகாரமில்ல, உங்க டாக்டர்கிட்டதான் சொல்லணும். ரெண்டு வாரமா வீட்டுல பொய் சொன்னீங்களே, அதுதான் பாவம். இன்னைக்கே அக்காகிட்ட உண்மையைச் சொல்லுங்க. அதான் அபராதம்."

இதற்குப் பத்தாயிரம் ஜெபம் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது பவுல்சாமிக்கு. போய்ச் சொன்னார். வாய் நீளம் என்று பேர் வாங்கிய வெரோனிகா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் சட்டையைப் பிடித்துத் தள்ளாத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

காய்ச்சல் மாதிரியே எரிச்சலும் மனச்சோர்வும் இந்த மருந்தில் பலருக்கு வரும் என்றார் டாக்டர். இனி இரவு படுக்கப்போகும் முன் போட்டுக்கொள்ளச் சொன்னார். மனம் ரொம்பக் கனத்தால் அன்றைக்கே ஓடிவர வேண்டும், அதற்கும் வழி இருக்கிறது, நீங்களாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது என்றார். இவ்வளவு நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்குப் பவுல்சாமி சொன்ன பதிலை அந்த டாக்டர் பல காலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்: "பாவத்தைப் போய் டாக்டர்கிட்ட எப்படி சார் சொல்றது?"

வெரோனிகா, நர்ஸ் ஷகீலாவிடம் ஊசி போடக் கற்றுக்கொண்டாள். இரவு ஜெபம் முடிந்ததும், சட்டையைக் கழற்றுங்கள் என்பாள். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் அவர் எரிந்து விழுந்தால், இன்றைக்கு என்ன கிழமை என்று லிண்டா காலண்டரைக் காட்டுவாள். அவரே சிரித்துவிடுவார். நவம்பரில் ஊசி முடிந்தது. கோபமும் கிளம்பிப் போனது. ஆனால் விட்டுப்போன இரண்டு வாரம் வைரஸுக்கு வாசல் திறந்து விட்டிருக்குமோ என்ற பயம் மட்டும் வீட்டில் குடியிருந்தது. இன்னும் ஆறு மாதம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான் அதற்குப் பதில் சொல்லும்.

தொண்ணூற்றொன்பது மே மாதம் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, வைரஸ் தென்படவில்லை என்றார். பவுல்சாமி நாற்காலியிலேயே சிலுவை போட்டுக்கொண்டார். வெரோனிகா நன்றி சொன்னாள், படி இறங்கினாள், அடையாறு பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள். அங்கே வெடித்தாள்.

"ரெண்டு வாரம்! ஆறு ஊசி! ஒரு வருஷத்துக்கு மேல வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேனே, தெரியுமா உங்களுக்கு? நல்ல மனுஷன்னு பேரெடுத்து, சுவத்துல மாலையோட தொங்கலாம்னு பாத்தீங்களா? எனக்குப் போட்டோ வேணாம். கத்துற மனுஷனே போதும்."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. அவள் நிறுத்தவில்லை, அழுதுகொண்டே திட்டினாள். பாதி ஊரின் ஏச்சைக் கேட்ட காது அது. ஆனால் இவ்வளவு இனிப்பாக யாரும் அவரைத் திட்டியதில்லை. கண் கலங்க, வாயெல்லாம் சிரிப்பாக நின்றுகொண்டிருந்தார்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, இன்னும் இருக்கா என்று கேட்டார்.

"நிறைய இருக்கு."

"சரி, சொல்லு. அடுத்த பஸ்ஸுல போவோம்."