ஒரே ஆண்டில் நிற்கும் கணினி

பேர்கனில் நான் வேலை செய்யும் மருத்துவமனைப் பதிவறையில், மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் கதிரையை விட்டு எழுந்து கோப்பி குடிக்கப் போகிறோம். கணினிகளின் மென்பொருள் புதுப்பிக்கப்படும் நேரம் அது. யாரும் கெஞ்சவில்லை, கடிதம் எழுதவில்லை, தானாக நடக்கிறது. நோர்வேக்கு வந்த ஆறு ஆண்டுகளில் குளிருக்குப் பழகிவிட்டேன். இந்த இருபது நிமிடத்துக்கு இன்னும் பழகவில்லை.

அதற்கு முன் முல்லைத்தீவில் ஒரு சிறிய தரும சிறுநீரகக் கிளினிக்கில் பதிவாளராக இருந்தேன். நோயாளர் பதிவுக்கான மென்பொருளைத் தந்தவர்கள் போய்விட்டார்கள். அதன் உரிமக் காலம் முடிந்த அன்று திரை திறக்க மறுத்தது. மழை பெய்த நாளைக்கூட நாட்குறிப்பில் பிழையின்றி எழுதுகிற நான், கணினியின் திகதியை ஓர் ஆண்டு பின்னால் வைத்தேன். திறந்தது. எனக்குப் பின் பொறுப்பேற்ற சசிகலாவிடம் "ஒரு கிழமைக்குத்தான்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். அந்தக் கிழமை இன்னும் முடியவில்லை. தை பிறந்தால் மறுபடியும் அதே ஆண்டின் தொடக்கத்துக்குப் போகிறார்கள். ஆறு ஆண்டுப் பரிசோதனைகள் ஒரே ஆண்டுக்குள் கலந்து கிடக்கின்றன.

கொக்கிளாய் மீனவர் யேசுதாசனின் இரத்தப் பெறுபேறுகள் இரண்டில் எது புதியது என்று வைத்தியருக்குத் தெரியவில்லை. கழிவின் அளவு குறைந்திருந்ததைப் புதியதாக எடுத்து, சுகம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சசிகலா சந்தேகப்பட்டு எனக்குச் சொன்னார். நான் நிர்வாகசபைத் தலைவரை அழைத்தேன். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர்.

"தம்பி, அது ஓடுதோ இல்லையோ?"

"ஓடுது சேர். திகதிதான் பிழை. இலவசமா நல்ல மென்பொருள் இருக்கு, இஞ்ச இருந்தே ஏத்தித் தாறன்."

"ஓடுறதைக் கழட்டினா ஆர் பூட்டுறது? பனிக்குள்ள இருந்துகொண்டு எங்களுக்கு வகுப்பெடுக்காதையும்."

சிரித்தார். அடுத்த கூட்டத்தில் கதைப்பம் என்றார். நான் நான்கு கடிதங்கள் எழுதினேன், இலக்கமிட்டு. மூன்று கூட்டங்களில் கதைத்தார்கள். மூன்றாவதில், கணினிக்குத் தூசி படாமல் உறை தைப்பதென்று முடிவாயிற்று.

பக்கத்து மேசையில் இருக்கும் காரி என்ற நோர்வேப் பெண்ணிடம், எங்கள் ஊரில் கணினியின் நேரத்தைப் பின்னால் வைக்கிறார்கள் என்றேன். "நாங்களும் ஒக்டோபரில் குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தைப் பின்னால் வைக்கிறோமே! ஒரு மணித்தியாலம் கூடத் தூங்கலாம்" என்று மகிழ்ந்தார். ஆமென்று தலையாட்டினேன்.

சித்திரையில் சசிகலா அழைத்தார்.

"அண்ணை, யேசுதாசன் அண்ணை முடிஞ்சுபோனார். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்க தண்ணீரூற்றுச் சந்தியைக்கூடத் தாண்டேல்லையாம்."

எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தேன்.

"கோப்பை மூடவேணும். செத்த திகதி கேக்குது. உண்மையானதைப் போட்டா எடுக்குதில்லை, இன்னும் வராத நாளாம். பழைய ஆண்டைப் போட்டா, செத்தபிறகும் ஆறு தரம் கிளினிக்குக்கு வந்த மாதிரி நிக்குது. என்னெண்டு போட?"

"தலைவரிட்டக் கேட்டீரோ?"

"அவர் உங்களைக் கேக்கட்டாம். புதுப் பதிவாளரின்ர பேரைச் சேர்க்க அது விடாதுதானே அண்ணை. இண்டைக்கும் உங்கட பேரிலதான் திறக்கிறன்."

இத்தனை காலமும் அதை நான் யோசிக்கவில்லை. யேசுதாசனின் இரண்டு பெறுபேறுகளும் என் பெயரில்தான் ஏறியிருக்கின்றன.

"பழைய ஆண்டையே போடும், சசி" என்றேன்.

முல்லைத்தீவில் பிற்பகல் இரண்டரைக்கு, யேசுதாசனின் பொய்யான மரணத் திகதிக்குக் கீழே, பதிந்தவர் என்ற இடத்தில் என் பெயர் விழுந்தது. அந்த நேரம் பேர்கனில் நான், யாரோ ஒரு நோர்வேக்காரரின் பிறந்த திகதியை இரண்டாம் முறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.