இரண்டாவது கோடு

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. எனக்கு நாட்கள் மறப்பதில்லை. அன்று ஆய்வகத்தில், ஆட்டுக்கொல்லி நோயைக் கண்டறியும் அட்டைக்காக, கிருமியைப் பிடித்துக் கோடாகக் காட்டும் எதிர்ப்பொருளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஒரே செல்லிலிருந்து பெருகிய செல்கள் சுரப்பதால் அத்தனையும் அச்சாக ஒன்றுபோல இருக்கும். செல் வளர்ந்த திரவத்தை வடிகட்டி, நுண்ணிய மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் விடுவோம். எதிர்ப்பொருள் மட்டும் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் ஓடிவிடும். பிறகு அமிலக் கரைசல் விட்டு அதைப் பிரிக்க வேண்டும். அமிலத்தில் கிடந்தால் கெட்டுவிடும். சொட்டு விழ விழ அமிலத்தை முறித்துவிட வேண்டும்.

அந்த நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"இந்த மாசமும் ஒத்தக் கோடுதான்டி."

சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது எம்.ரெட்டியபட்டிப் பக்கம். பருத்தியோடு வெள்ளாடும் வளர்த்தார்கள். கார்த்திகையில் ஆடுகளை மொத்தமாக விற்று, குழந்தைக்காக மதுரை ஆஸ்பத்திரியில் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுவது என்று அவளும் அத்தானும் முடிவு செய்திருந்தார்கள். காரியாபட்டி வியாபாரி லோடு ஆட்டோ கொண்டுவர இருந்த சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். காலையில் இரண்டு ஆடுகளுக்கு மூக்கில் சளி ஒழுகியது. தழையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன.

திருச்சுழியிலிருந்து கால்நடை மருத்துவர் வந்தார். மூக்குச் சளியைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து, கரைசலில் கலக்கி, அட்டையில் விட்டுவிட்டுக் கை கழுவப் போனார். கீழே கிடந்த உறையைப் பார்த்தேன். தயாரிப்பு எண் அந்த ஆவணி வியாழக்கிழமை நான் சுத்தம் செய்ததற்குரியது. இதில் கோடு வரவைப்பது நான் செஞ்சதுதான் என்று அக்காவிடம் சொன்னேன்.

முதல் கோடு வந்தது. மெல்ல இரண்டாவதும் வந்தது. அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு கோடுடி. அப்ப நல்லதுதான?"

அவளுக்குத் தெரிந்த அட்டை வேறு. இதில் இரண்டு கோடு என்றால் நோய் இருக்கிறது என்று சொன்னேன். ஆய்வகத்தில் முடிவை வாசிக்கும் அதே குரலில்தான் சொன்னேன்.

மருத்துவரும் பார்த்துவிட்டு அதையே சொன்னார். ஒன்றைக்கூட விற்கக் கூடாது, மேய்ச்சலுக்கு விடக் கூடாது, அந்த இரண்டையும் தனியே கட்ட வேண்டும். அவர் வண்டி கிளம்பியதும் அத்தான் அக்காவின் காதருகே வந்து, நல்லா நிக்கிறதை மட்டும் ஏத்திவிடலாமா, யாவாரிக்கு எங்கே தெரியப்போகுது என்றார்.

அக்கா வேண்டாமென்று தலையசைத்தாள்.

"போற எடத்துலயும் ஒருத்தி தவிட்டுத் தண்ணி கலக்கி வச்சுக் காத்துக் கெடப்பாள்ல."

அவளே வியாபாரிக்குப் போன் போட்டு வண்டி வேண்டாம் என்றாள். பிறகு அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதுல நீ செஞ்ச கோடு எது?"

கீழே இருந்த இரண்டாவதைத் தொட்டுக் காட்டினேன். அவள் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"பளிச்சுன்னுதான் வந்துருக்கு."

நோய்கண்ட இரண்டையும் அவிழ்த்தாள். ஒரு கயிற்றை என்னிடம் கொடுத்தாள். தள்ளி நின்ற கருவேலமரத்துக்கு நடந்தோம். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.