எல்லாரும் அமுக்கியாச்சா?

என் அக்காவின் கணவர் குழாய் அடைப்பு எடுப்பவர். பதினொரு வருடம் ஒரு பெரிய கம்பெனியின் நீலச் சட்டையில் அந்த வேலையைச் செய்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே சுத்தமான காலுறை மாட்டிக்கொள்வார். குழாயை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, அடைப்பு இருக்கும் இடத்தில் கையை வைப்பார். உள்ளேயிருந்து எது வந்தாலும், அது முடிக்கற்றையோ, பொம்மையின் காலோ, ஒருமுறை பல்செட்டோ, பழைய செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுவிடுவார். வீட்டுக்காரர் கூச்சத்தோடு, "எங்க வீட்லதான் இப்படியா?" என்று இழுத்தால் எப்போதும் ஒரே பதில்தான்: "பழைய குழாய்ங்க. அப்படித்தான் இருக்கும்." புதுக் கட்டடத்திலும் அதையேதான் சொல்வார்.

ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம்தான் என்று கம்பெனி கட்டளை போட்ட அன்று வேலையை விட்டார். ஒரு பழைய வேன், சுருள் கம்பி, தொலைபேசி எண் ஆகியவற்றோடு சொந்தமாகத் தொடங்கினார். பழைய மேலாளர் நல்ல மனிதர். "மூணு மாசம் பாருங்க. கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வர்றேன்னு சொன்னா உங்க இடம் உங்களுக்கு. அதுக்கப்புறம் வேற ஆள் போட்டுடுவேன்" என்று சொல்லி அனுப்பினார். தெரிந்தவர்கள் வீட்டுக் குழாய்களெல்லாம் இரண்டரை மாதத்தில் சரியாகிவிட்டன. பிறகு போன் ஊமையானது. கெடு முடிய ஒரு வாரம் இருந்தபோது நான் வாயைத் திறந்தேன்.

என் தொழில், கடைகளின் இணையதளங்களைத் தேடல் பக்கத்தில் மேலே ஏற்றுவது. இந்த ஊருக்குப் பெட்டியோடு வந்து, வீடு கிடைக்கும்வரை என்று அக்கா வீட்டுப் பின்னறையில் தங்கினேன். மூன்று வருடமாக வீடு கிடைத்துக்கொண்டே இருக்கிறது. தண்டச்சோறு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. இரண்டு மொழியில் படித்தவன் என்பதால் அந்தப் பயம் இரண்டிலும் சரளமாக வரும்.

"அத்தான், ஒரே வாரம். உங்க போன் மூச்சு விடாம அடிக்கும்" என்றேன்.

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவருக்கு ஓர் இணையதளம் எழுதினேன். தேடுகிறவர்கள் என்ன சொல்லித் தேடுவார்களோ அந்தச் சொல் பக்கத்தில் நிறைய இருக்க வேண்டும் என்று எங்கோ படித்தது நெஞ்சில் நின்றுவிட்டது. அடைப்பு என்ற சொல் நாற்பத்து மூன்று இடத்தில் வந்தது. அக்கா படித்துப் பார்த்தாள்.

"ஏன்டா, இதைப் படிக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது. இந்தப் பக்கத்துக்கே உங்க அத்தானைத்தான் கூப்பிடணும்."

ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் போட்டேன். குழாய் அடைப்பு என்று யாராவது தேடினால் முதலில் அத்தான் பெயர் வரும். ஒருவர் அதைத் தொட்டால் நம் கையிலிருந்து காசு போகும். நாளுக்கு இவ்வளவு என்று எல்லை வைத்தால், அது தீர்ந்ததும் விளம்பரம் மறைந்துவிடும். இது என் தொழிலின் அரிச்சுவடி. இதற்கு நான் வகுப்பே எடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் விளம்பரத்தை நாற்பது பேர் தொட்டிருந்தார்கள். அன்றைய எல்லை தீர்ந்து விளம்பரம் மறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அத்தான், நாற்பது பேர்!"

"போன் அடிக்கலையே தம்பி."

"யோசிக்கிறாங்க அத்தான். மக்கள் மெதுவாத்தான் முடிவெடுப்பாங்க."

"வீட்ல தண்ணி ஏறி நிக்கும்போதா?"

செவ்வாய்க்கிழமையும் நாற்பது பேர். புதன்கிழமை நாற்பத்திரண்டு. நான் விளம்பர வாசகத்தை ஆறு தடவை மாற்றினேன். அத்தான் படத்தில் சிரிப்புப் போதவில்லை என்று சிரிக்க வைத்து மறுபடி எடுத்தேன். மூன்று நாளில் வந்தது ஒரே ஓர் அழைப்பு. ஒரு முதியவருக்கு மூக்கடைப்பு. நான் வெறும் அடைப்பு என்ற சொல்லுக்கும் விளம்பரம் வைத்திருந்ததன் பலன். அத்தான் பொறுமையாக, "வெந்நீர்ல ஆவி பிடிங்க ஐயா, ராத்திரி தலைமாட்டை உயர்த்திப் படுங்க" என்று சொல்லி போனை வைத்தார்.

வியாழக்கிழமை மாலை அக்கா நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டினாள். மேசையில் அவள் போன் கிடந்தது. உறவுக்காரர்கள் குழுவிலிருந்து ஒரு குரல் செய்தி வர, அவள் அதைத் தட்டினாள். இந்த ஊரிலேயே இருக்கும் எங்கள் சித்தியின் குரல்.

"நாளைக்கும் மறக்காம எல்லாரும் அமுக்கிடுங்க. நம்ம மாப்பிள்ளை பிழைக்கணும்ல. பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடி அமுக்கிட்டா வேலை முடிஞ்சுது."

நான் போனைப் பிடுங்கினேன். காலை வணக்கப் படங்களுக்குப் பயந்து அந்தக் குழுவின் சத்தத்தை நான் எப்போதோ அணைத்துவிட்டேன். "ஆச்சு சித்தி." "நான் ரெண்டு போன்லயும் அமுக்கிட்டேன்." "எங்க ஆபீஸ்ல எட்டு பேரை அமுக்க வச்சேன், சும்மாவா!" பக்கம் பக்கமாக இதுதான். ஊர் விழிக்குமுன் என் சொந்தங்கள் ஒற்றுமையாக எழுந்து அத்தானின் விளம்பரத்தைத் தீர்த்துக்கட்டியிருக்கிறார்கள்.

"யாரு இவங்களுக்குச் சொன்னது?" என்று கத்திக்கொண்டே மேலே தள்ளிப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, முதல் செய்தி: 'அத்தான் விளம்பரம் முதல் இடத்தில்! எல்லாரும் தேடிப் பார்த்து ஆதரவு தாருங்கள்.' கீழே ஒரு கைகூப்பல். அனுப்பியவன் நான்.

சித்தியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ நாங்க அமுக்கினா ஆகாதாக்கும்? கைராசி இல்லாதவங்களா நாங்க?"

"இல்ல சித்தி, ஒவ்வொரு தடவையும் காசு போகுது."

"படிச்சவன் நீதானே ஆதரவு தாங்கன்னு கேட்டே!" போன் வைக்கப்பட்டது.

அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் அக்காவின் போனை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"பழைய குழாய், தம்பி. அப்படித்தான் இருக்கும்."

வெள்ளிக்கிழமை யாரும் அமுக்கவில்லை. எட்டு மணிக்கும் விளம்பரம் உயிரோடு இருந்தது, பத்து மணிக்கும் இருந்தது. தேடிப் பார்க்க என் விரல் துடித்ததால் அக்கா என் போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள். மூன்று மணிக்கு அத்தான் நீலச் சட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்றே முக்காலுக்கு அவர் போன் அடித்தது. மூன்றாவது மாடி, சமையலறைத் தொட்டியில் தண்ணீர் எதிர்த்து ஏறுகிறதாம். அவர் காலுறையைத் தேடிக்கொண்டு ஓடினார். கையிலிருந்த சட்டையும் அவரோடு போய்விட்டது.

ஐந்து மணி அடித்தபோது அக்காவும் நானும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஆறரைக்கு வந்தார்.

"அஞ்சு மணிக்கு மேனேஜருக்குப் போன் பண்ணீங்களா?" என்றாள் அக்கா.

"எங்க பண்றது? கை குழாய்க்குள்ள இருந்துச்சு."

நான் அடக்க முடியாமல் கேட்டேன்.

"அத்தான், நான் எழுதின பக்கத்தைப் படிச்சுட்டுத்தானே கூப்பிட்டாங்க?"

"கேட்டேன் தம்பி. ரெண்டு வரி படிச்சாங்களாம். அதுக்கு மேல முடியலையாம், உடனே நம்பரை அழுத்திட்டாங்க." பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்தார். பாதி கிழிந்து, கறுத்து, சொட்டிக்கொண்டிருந்தது. "துடைக்கத் துணி பத்தலை. நாளைக்குக் காலைல அவங்களுக்கு மேல் வீட்லயும் ஒண்ணு இருக்கு. வேற பழைய துணி இருந்தா எடுத்து வை."

நான் என் சட்டைகளில் ஒன்றை எடுத்து வந்தேன். வகுப்பெடுக்கும்போது போடுவது.