மணல் மூட்டையும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் குளியலறை வாசலில் விழுந்து கிடந்த அன்று நான் தெருவுக்கு ஓடி ஆள் கூப்பிட்டேன். எதிர் டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். தலைப்பக்கம் இரண்டு பேர், கால்பக்கம் இரண்டு பேர் என்று தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அவர்கள் போனதும் இவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உயிரோட இருக்கும்போதே நாலு பேரு தூக்குத மாதிரி ஆக்கிட்டியேட்டி. இனிமே எவனையும் கூப்பிடாத. கெடந்தா கெடக்கேன்" என்றார். அன்று மத்தியானம் சோற்றைத் தொடவில்லை. ராத்திரியும் தொடவில்லை.

பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சொன்னபடி கேட்காமல் போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. தென்காசியில் சிமெண்டுக் கடை வைத்திருந்தவர். நல்ல கனமான ஆள். மகன் பெங்களூரில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கூப்பிடாதே என்று வீம்பு பேசுவது சுலபம். மறுபடி விழுந்தால் யார் தூக்குவது? கடைசியில், குற்றாலம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, ஐம்பத்தாறு வயதில் முதன்முறையாகச் சுடிதார் மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபத்துக்குள்ளே வகுப்பு. கல்யாணம் இருந்தால் மொட்டைமாடி. சாரல் காலத்தில் தலை நனைய நனைய நடக்கும். வந்தவர்கள் எல்லோரும் இடுப்பைக் குறைக்க வந்தவர்கள், பாட்டைப் போட்டுக் குதித்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுப்பவள் போலீஸ்காரர் வீட்டுப் பெண், என் மருமகள் வயது இருக்கும்.

"ஆச்சிக்கு என்ன கொறைக்கணும்?" என்றாள்.

ஆச்சி என்றதே எனக்குப் பிடிக்கவில்லை. "ஒண்ணும் கொறைக்க வேண்டாம். ஒரு ஆளத் தூக்கணும்" என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல், "எவ்வளவு வெயிட்டு இருப்பாவ?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் மறுநாளும் போனேன்.

முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னாள். இதற்கா வந்தேன் என்று கோபம் வந்தது. மறுநாள் கழிப்பறையில் உட்கார முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கோபம் போய்விட்டது. அவளோடு எனக்குச் சண்டை செல்போன் விஷயத்தில்தான். எல்லோரும் போனை வாசலில் உள்ள பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டு வரவேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். நான் போட மாட்டேன் என்றேன். இவரைக் காலையில் நாற்காலியில் உட்கார்த்தி, வலது கைப்பக்கம் போனை வைத்து, எழுந்திருக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டு வருகிறேன். அந்த ஒரு மணி நேரமும் என் உடம்பு இங்கேயும் காது அங்கேயுமாக இருக்கும். பாட்டுச் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காதே என்று துப்பட்டாவில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவளும் விட்டுவிட்டாள்.

பிறகு மணல் மூட்டை வந்தது. சாக்கில் ஒரு சட்டி மணல் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். வாரம் போகப் போக இன்னும் ஒரு சட்டி கூடும். நான் குனிந்து தூக்குவேன், மூட்டை நேராக என் இடது இடுப்பில் போய் உட்கார்ந்துவிடும். எத்தனை முறை தூக்கினாலும் அப்படித்தான்.

"ஆச்சி, இது கொடமும் இல்ல, பிள்ளையும் இல்ல. நம்மூர்ப் பொம்பளையளுக்கெல்லாம் இதே வழக்கந்தான். எதத் தூக்குனாலும் இடுப்புல வச்சிருதீய. முதுகு போயிரும். நெஞ்சோட அணைச்சுக் காலால தூக்குங்க" என்று கத்துவாள்.

புரியும். ஆனால் மூட்டை கைக்கு வந்தவுடன் இடுப்பு தானாக ஒரு பக்கம் ஒடிந்து இடம் கொடுத்துவிடும். நடை பழகிய நாளிலிருந்து குடம் சுமந்த இடுப்பு, அது எங்கே என் பேச்சைக் கேட்கப்போகிறது.

ஒரு நாள் மாடியில் மூட்டையை அணைத்தபடி நின்றபோது இடுப்பில் போன் அதிர்ந்தது. எடுத்தால் இவர் குரலில் "வா" என்று ஒரு சொல். அவ்வளவுதான். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆட்டோக்காரர் பேருந்துக்குப் பின்னால் நிதானமாக ஊர்ந்தபோது அவரை என்னவெல்லாம் திட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அதே குளியலறை வாசல். இவர் போனை வலது கையில் பிடித்தபடி கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேட்டி ஈரம். அடிபட்டதாகத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை.

எதிரே குந்தி உட்கார்ந்து, அக்குளுக்குள் கைகளை விட்டு, முதுகுக்குப் பின்னால் விரல்களைக் கோத்தேன். தூக்கினேன். பாதி எழும்பியதும் அந்தப் பாழாய்ப்போன இடுப்பு ஒடிந்தது. முதுகில் சுரீரென்று இழுத்தது. நழுவி மறுபடி உட்கார்ந்தவர் வலியில் முனகினார்.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரி, "யக்கா, என்ன சத்தம்? எங்க வீட்ல ஆம்பளைய இருக்காவ, வரச் சொல்லட்டா?" என்றாள்.

இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "வேண்டாம்" என்றேன். இன்னொரு முறை நழுவவிட்டால் கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிட்டால் இந்த மனுஷன் சாப்பாட்டை நிறுத்திவிடுவார். பாதத்தை அகட்டி ஊன்றினேன். நெஞ்சோடு நெஞ்சாக இறுக்கினேன். மூச்சை விட்டுக் காலால் அழுத்தினேன். இடுப்பு ஒடியவில்லை. எழுந்துவிட்டோம்.

எழுந்தபிறகுதான் தெரிந்தது, தூக்க மட்டும்தான் பழகியிருக்கிறேன், தூக்கிக்கொண்டு நகரப் பழகவில்லை. நாற்காலி கூடத்தில் கிடந்தது. கையை எடுத்தால் சரிந்துவிடுவார். இரண்டு பேரும் அப்படியே கட்டிப்பிடித்து நின்றோம்.

"இனிமே நீ ஒருத்தி போதும்ட்டி" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம்.

எனக்குப் பகீரென்றது. முதுகில் அந்த இடம் இழுத்துக்கொண்டே இருந்தது. "நான் போதுமா? நாளைக்கி நான் இங்கன விழுந்து கெடந்தா? அப்ப என்ன செய்வீய? எவனையும் கூப்பிடாம பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீயளோ?" என்று கத்தினேன்.

"ஏட்டி கிறுக்கி. ஒனக்குன்னா தெருவையே கூப்பிட மாட்டேனா?"

"அப்ப நான் மட்டும் கூப்பிடக் கூடாதோ?"

அவர் நெஞ்சு என் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது. என் முழங்கால் ஆடத் தொடங்கியது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் அழுதுகொண்டிருந்தேன். தலையைக் காம்பவுண்டுச் சுவர்ப்பக்கம் திருப்பி, குழறுகிற நாக்கை இழுத்துப் பிடித்து, தெருவுக்கே கேட்கும்படி அவரே சத்தம் போட்டார்.

"தங்கச்சி, அண்ணனுக்கு கூடத்து நாற்காலியக் கொஞ்சம் இழுத்துப் போடும்மா. வரும்போது ஆளுகளையும் கூட்டிட்டு வா."